அம்மா தப்பா வெத்தித்தா

வெயில் போகாமலும் மழை வராமலும் இழுத்துக்கொண்டிருந்த நாட்களில் ஒரு சாயங்காலம் திடீரென்று தூறல் விழுந்தது. தையல்கடை வாசலில் நின்றிருந்த பட்டன் இரண்டு கைகளையும் நீட்டி மழையைத் தடுத்து, "நாளைக்கு வா" என்றாள்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். டைலர் மட்டும் தலை நிமிராமல் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய வசனம். "காஜா மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்று அவர் சொல்லாத ஆள் அந்தத் தெருவில் இல்லை. துணியை வெட்டியே இருக்க மாட்டார். ஆனாலும் பித்தானுக்கு ஓட்டை போடுகிற அந்த வேலை மட்டும்தான் பாக்கி இருக்கும்.

பட்டனுக்கு அப்போது இரண்டு வயது முடிந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. நிஜப் பெயர் வேறு. தவழ்கிற காலத்தில் சட்டைப் பித்தான் ஒன்றை மூக்குக்குள் திணித்துக்கொண்டு, தெருவே கூடி, டாக்டர் இடுக்கி வைத்து எடுத்த நாளிலிருந்து அவள் பட்டன் ஆகிவிட்டாள். மற்றப் பிள்ளைகள் வீட்டில் பேசக் கற்றுக்கொள்ளும். இவள் கடையில் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் பேச்சில் எப்போதும் கொஞ்சம் வியாபாரம் இருந்தது. தடுப்பூசி போட வந்த நர்ஸைப் பார்த்து, "காஜா பாக்கி" என்று தப்பிக்கப் பார்த்தாள். இன்ச் டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யார் காலையாவது கட்டிப்பிடித்து அளவெடுப்பாள். "ஒன்னு, யெந்து, அஞ்சு, பெய்சு." அவளிடம் இருந்த எண்கள் அவ்வளவுதான், உலகத்தில் அஞ்சுக்கு மேலே போன எதுவும் பெரிசு. கரண்ட் போனால் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, "யாயு எதுத்தா? குது!" என்று மிரட்டுவாள். விழுந்தால் அழ மாட்டாள். எழுந்து நின்று, "பத்தன் வியல. தய இதிச்சுது" என்று தரைமேல் குற்றம் சாட்டுவாள். வந்தவர்களுக்கு வணக்கம் சொல்லு என்று அம்மா பழக்கியிருந்தாள். இவள் வந்தவரைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம் சொல்லு!" என்பாள். வந்தவர் பயந்துபோய் வணக்கம் சொல்வார்.

நான் அந்தக் கடைக்கு மேலே இருந்த தகரக் கூரை அறையில் வாடகைக்கு இருந்தேன். பகலில் அச்சகத்தில் தாள் மடிக்கிற வேலை. மாலையில் வகுப்பு, விட்டுப்போன படிப்பைத் தொடர்வதற்காக. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் என் அறைக்குள் உட்கார முடியாது. கூரை காய்ந்து தோசைக்கல்லாகிக் கிடக்கும். அதனால் கீழே கடையின் மரப்பெஞ்சில் உட்கார்ந்து, தைத்து முடித்த சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் குட்டிக் கத்தரியால் நறுக்கிக் கொடுப்பேன். வகுப்பில் தினமும் ஏதாவது எழுதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். என் வாழ்க்கையில் எழுதும்படி எதுவும் நடக்காததால் பட்டன் பேசுவதை எழுதினேன். இன்று புதிதாக என்ன சொன்னாள், யாரிடமிருந்து எடுத்தாள், இப்படி. அதுவும் சரியாகத்தான் எழுதுகிறேனா என்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. ஏனென்றால் மழலையை எழுத்தில் வைத்தால் பாதி செத்துவிடுகிறது.

கடை ஒரே நீள அறை. முன்பக்கம் வெட்டுகிற மேசை, அதற்குப் பின்னால் இரண்டு மெஷின், அதற்கும் பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு, கட்டில், குடித்தனம். டைலர் வெட்டுவார், அவர் மனைவி தைப்பாள். அவளை நான் அக்கா என்றும் அவரை அண்ணா என்றும் கூப்பிட்டேன். வேலை செய்யும்போது அக்காவின் உதடுகளுக்கிடையில் குண்டூசிகள் வரிசையாக நிற்கும். அந்த நேரத்தில் எது கேட்டாலும் புருவத்தால்தான் பதில் வரும்.

கடையில் ஒரு சட்டம் இருந்தது. பெரிய கத்தரியை டைலரைத் தவிர யாரும் தொடக் கூடாது. வேறு கை பட்டால் பிடி மாறிவிடும் என்பார். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியில் சுற்றிச் சுவரில் உயரமான ஆணியில் மாட்டிவிடுவார். பட்டனுக்கு எட்டக் கூடாது என்பதற்காக அந்த உயரம் என்று சொல்வார். அக்காவுக்கும் அது எட்டாது.

தெருமுனை மருந்துக்கடைக்காரரின் மகன் அந்த வருஷம் படிப்பு முடித்துப் பட்டம் வாங்கப் போகிறான். அவனுக்குக் கோட்டு தைக்க ஒரு துணி வந்தது. மருந்துக்கடைக்காரரின் தம்பி வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கருநீலக் கம்பளித் துணி. தொட்டால் பூனை மாதிரி இருந்தது. ஆனால் அளவு கம்மி. வழக்கமாகத் துணியை இரண்டாக மடித்துப் போட்டு ஒரே வெட்டில் இரண்டு கைகளையும் எடுத்துவிடுவார்கள். இடக்கையும் வலக்கையும் தானாகவே வந்துவிடும். இதை மடித்துப் போட இடமில்லை. ஒற்றையாக விரித்து, கையின் வடிவத்தில் நறுக்கின அட்டையை மேலே வைத்து ஒரு கையை வெட்டிவிட்டு, அட்டையைப் புரட்டி வைத்து அடுத்த கையை வெட்ட வேண்டும். டைலர் அட்டையைப் புரட்டவில்லை. இரண்டும் இடக்கையாகிவிட்டது.

நான் அச்சகத்திலிருந்து வந்து உட்கார்ந்தபோதுதான் அக்கா அதைக் கண்டுபிடித்தாள். ஒரு கையைக் கோட்டில் பொருத்திக் குண்டூசி குத்திவிட்டு, அடுத்ததை எடுத்துத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள்.

"ஏங்க, இதுக்கு வலக்கை எங்க?"

டைலர் வந்து பார்த்தார். துணியைப் புரட்டினார். அந்தத் துணிக்கு வெளிப்பக்கம் மினுமினுப்பு, உள்பக்கம் மங்கல். திருப்பி வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு இடக்கை உள்ள ஆளு எவனாவது இருந்தா சொல்லுங்க, அவனுக்குக் கச்சிதமா இருக்கும்" என்றாள் அக்கா. அவள் திட்டவே இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "விடுங்க, ஏதாவது பண்ணலாம்" என்று சொல்லிக்கொண்டே குண்டூசிகளை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்தா மருந்துக்கடைக்காரர் வர வேண்டும்? போட்டுப் பார்க்கிற நாள் என்று சொல்லியிருந்தார்கள். கோட்டைத் தூக்கிப் பிடித்து, தனியாகக் கிடந்த இன்னொரு கையையும் அதோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். மருந்து அட்டைகளைப் படித்துப் பழகின கண்.

"என்னய்யா இது? ரெண்டு கையும் ஒரே பக்கம் பாக்குது?"

டைலரின் முகத்தில் வேர்வை. ஒரு நொடிதான். "அவ தப்பா வெட்டிட்டா சார்" என்றார்.

அக்காவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. அவளால் பேச முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து மெஷின் பலகையில் வைத்தாள். எல்லாவற்றையும் எடுத்த பிறகும் பேசவில்லை.

"உன் கையில கத்தரி இருக்கறவரைக்கும் கவலையில்லன்னுதான்யா இந்தத் துணியக் குடுத்தேன்" என்றார் மருந்துக்கடைக்காரர். "வீட்ல இருக்கறவங்க கையில குடுத்து வெளையாடறதுக்கா?"

மேசைக்கு அடியில் இன்ச் டேப்போடு இருந்த பட்டன் தவழ்ந்து வெளியே வந்தாள். எழுந்து நின்று மருந்துக்கடைக்காரரின் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு மிகவும் தெளிவாகச் சொன்னாள்:

"அம்மா தப்பா வெத்தித்தா."

கோபத்தில் இருந்த மனிதர் சிரித்துவிட்டார். "பாத்தியா, பச்சப்புள்ள சாட்சி சொல்லுது!"

மூன்று சொற்களைச் சேர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தடவை. அன்று இரவு வழக்கப்படி எழுதினேன். எழுதிய பிறகு, இதை எழுதியிருக்க வேண்டுமா என்று தோன்றியது.

*

அக்கா டைலரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டையும் இல்லை, அழுகையும் இல்லை. மெஷின் ஓடியது, சோறு வெந்தது, தட்டில் வந்தது. எல்லாச் சேதியும் பட்டன் வழியாகப் போனது.

"பட்டன், கறுப்பு நூல் தீந்துபோச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

பட்டன் மேசையைச் சுற்றி ஓடுவாள். "அப்பா, தீந்துபோச்சு."

"என்னம்மா தீந்துபோச்சு?"

கொஞ்சம் யோசித்து, "பாலு" என்பாள்.

டைலர் எழுந்து போய்ப் பால் வாங்கிக்கொண்டு வருவார். அக்கா அந்தப் பால் பாக்கெட்டைப் பார்ப்பாள். "பட்டன், பாலை வச்சு எப்படிக் காலர் தைக்கிறதுன்னு உங்கப்பாகிட்ட கேளு."

"அப்பா, காலயு."

டைலர் குனிந்து தன் காலைப் பார்ப்பார்.

எனக்குச் சிரிப்பு வரும். அக்காவுக்கும் வந்திருக்கும், அதை மறைக்கத்தான் அந்த நாட்களில் வாயில் அதிகமாகக் குண்டூசி வைத்திருந்தாளோ என்னவோ.

ஆனால் பட்டனின் புது வாக்கியம்தான் பெரிய பிரச்சினையாகிவிட்டது. அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. சொன்னவுடன் பெரியவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். ஒரு குழந்தைக்கு வேறென்ன வேண்டும்? வணக்கத்தைக் கைவிட்டாள். தபால்காரர் வந்தால் அம்மா தப்பா வெத்தித்தா. குப்பை வண்டிக்காரி வந்தால் அம்மா தப்பா வெத்தித்தா. எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் கிளாஸ்களோடு வரும்போதே தெருவிலிருந்து குரல் கொடுப்பார்.

"என்ன பட்டன், இன்னிக்கு என்ன சேதி?"

"அம்மா தப்பா வெத்தித்தா!"

"அய்யய்யோ! இன்னிக்குமா?"

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அவர் கடைக்கு வருகிறவர்களும் கேட்டார்கள், சிரித்துக்கொண்டே எடுத்துப் போனார்கள். மருந்துக்கடையில் மருந்து வாங்க நிற்கிறவர்களுக்கோ கோட்டின் கதை இலவசமாகக் கிடைத்தது. பெண்களின் உடுப்பும் பிள்ளைகளின் சீருடையும் அக்காவை நம்பித்தான் அந்தக் கடைக்கு வரும். அந்த வாரம் மருந்துக்கடைக்காரரின் மனைவி வந்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. நான் குடுத்த பூப்போட்ட துணி இருக்கில்ல, அதைக் குடுத்துடு. எங்க நாத்தனார் கேக்கறா."

"நாளைக்குத் தைக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன் மேடம்."

"வெட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

"நல்லவேளை" என்றார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. துணிப்பையை வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அடுத்தடுத்து இன்னும் சிலர் துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். எல்லோருக்கும் திடீரென்று நாத்தனார்கள் முளைத்தார்கள்.

அன்று சாயங்காலம் திரைக்குப் பின்னால் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை பாதி நிரம்பி நின்றது. மேலே பட்டனின் சட்டைகள்.

"எங்க பெரியக்கா அவ ஊர்ல தையல் யூனிட் வச்சிருக்காம்மா. கட்டிங்குக்கு ஆள் வேணுமாம். ரொம்ப நாளாக் கூப்பிடறா. வர்ற ஞாயித்துக்கிழமை எங்க அத்தான் வண்டியோட வர்றாரு."

"உங்களுக்குக் கட்டிங் தெரியுமா அக்கா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி அவளுக்கு வெட்டிக் குடுத்ததே நான்தான். இங்க வந்ததும் கத்தரியைத் தொடாதேன்னாரு. சரி, அவரு தொழிலு, அவரு கத்தரின்னு விட்டுட்டேன்." உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டாள். "இத்தனை நாளாத் தொட விடாத மனுஷன், தப்புக்கு மட்டும் கத்தரியை என் கையில குடுத்துட்டாரு, பாத்தியா?"

"பட்டன்?"

"ஊசி போற வழியிலதானே நூலு?"

"அண்ணாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லி அனுப்பினேன், நம்ம மகாராணிகிட்ட. ஞாயித்துக்கிழமை வண்டி வருது, நாங்க போறோம்னு சொல்லுடின்னேன். இவ போயி 'அப்பா, வந்தி'ன்னிருக்கா. அவரு சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போயி பொம்மை வண்டி வாங்கிட்டு வந்து நிக்கறாரு." சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; வெங்காயம்.

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். பிறகு, "அவரு மன்னிப்புக் கேட்டா?" என்றேன்.

"எனக்கு மன்னிப்பு எதுக்கும்மா? நான் வெட்டலன்னு எனக்கே சொல்லணுமா? மருந்துக்கடைக்காரரு முன்னாடி சொன்னாரில்ல, அந்த ஆளு முன்னாடி சொல்லட்டும். இவ வளந்து பெரிசாகி, எங்கம்மா தப்பா வெட்டினவன்னு நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? இப்பவே மனப்பாடம் பண்ணிட்டா."

*

வெள்ளிக்கிழமை அக்கா கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம். டைலர் பட்டனைத் தூக்கி மேசைமேல் உட்காரவைத்தார். கையில் பிஸ்கட். நான் பெஞ்சில் நூல் நறுக்கிக்கொண்டிருந்தேன். என்னை அவர் பொருட்படுத்தவில்லை.

"பட்டன், அப்பா சொல்றத அப்படியே சொல்லணும். சொன்னா பிஸ்கட்டு. சரியா?"

"சயி."

"அப்பாதான்."

"அப்பாதான்."

"தப்பா."

"தப்பா."

"வெட்டினாரு."

"பிஸ்கத்து."

"அது அப்புறம். வெட்டினாரு, சொல்லு."

"வெத்தினாயு. குது."

பாதி பிஸ்கட் கைமாறியது. டைலர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இப்ப முழுசாச் சொல்லணும். கோட்டை யாரு தப்பா வெட்டினா?"

"அம்மா."

"இல்லடா கண்ணு. அப்பா."

"இல்ல. அம்மா."

"அம்மா இல்லடா. அப்பா, அப்பா!"

பட்டன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அளவு தப்பாகச் சொன்ன வாடிக்கையாளரை அவர் பார்ப்பாரே, அதே பார்வை. "அம்மா" என்றாள்.

"அம்மான்னு உனக்கு யாரு சொன்னா?"

"அப்பா சொன்னா."

டைலர் மீதி பிஸ்கட்டை மேசைமேல் வைத்தார். "அப்பா பொய் சொன்னேன்டா" என்றார், அடங்கின குரலில்.

"பொய்யி" என்றாள் பட்டன். அவளிடம் இதுவரை இல்லாத சொல். வாய்க்குப் பிடித்திருந்தது போல. "பொய்யி, பொய்யி" என்று காலை ஆட்டிக்கொண்டே மீதி பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டாள்.

டைலர் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, நீ படிக்கிற பொண்ணு. இவ இதை எப்ப மறப்பா?"

"தெரியலண்ணா. சொல்லச் சொன்னா சொல்ல மாட்டேங்கறா. அதுவாக் காதுல விழுந்ததைத்தான் பிடிச்சுக்கறா."

"அன்னிக்கு வாயில வந்துடுச்சு. வெட்டறவன் தப்பா வெட்டிட்டான்னு வெளிய போனா இந்தக் கடைக்கு எவன் துணியோட வருவான்? நம்ம வீட்டு ஆளுதானே, ராத்திரி சமாதானம் பண்ணிக்கலாம்னு நெனச்சேன்." விரலால் மேசையைத் தேய்த்தார். "தையல்னா பிரிச்சுடலாம். இது வெட்டினது மாதிரி ஆயிடுச்சு."

திரை காற்றில் விலகியது. உள்ளே கட்டிலருகே துணிப்பை தெரிந்தது.

"அந்தப் பை எதுக்கு?"

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்குப் புரியவில்லை. சொல்லியிருக்க வேண்டியவளுக்கு இரண்டு வயது. "ஞாயித்துக்கிழமை வண்டி வருதுண்ணா" என்றேன்.

டைலர் மேசை ஓரத்தில் நின்ற சிவப்புப் பொம்மை வண்டியைப் பார்த்தார். பட்டன் அதில் நூல் சுற்றுகிற பாபின்களை ஏற்றி வைத்திருந்தாள்.

"அந்த வண்டியா?" என்றார்.

*

சனிக்கிழமை சாயங்காலம் மழை உண்மையாகவே வந்தது. பட்டன் "நாளைக்கு, நாளைக்கு!" என்று கத்தியும் நிற்கவில்லை. நனையாமல் இருக்கச் சிலர் கடைக்குள் ஒதுங்கியிருந்தார்கள். டீக்கடைக்காரர் தட்டோடு மாட்டிக்கொண்டு அங்கேயே டீ விற்றுக்கொண்டிருந்தார். அப்போது குடையை மடக்கிக்கொண்டு மருந்துக்கடைக்காரர் வந்தார். கூடவே மகன். ஒல்லியாக, உயரமாக, தலை துவட்டாத பையன்.

"டைலரே, துணியைக் குடுத்துடு. டவுன்ல ஒருத்தன் இருக்கானாம், ஏதாவது ஒட்டுப் போட்டுத் தர முடியுமான்னு பாக்கறேன்."

டைலர் ஸ்டூலிலிருந்து எழுந்திருப்பதற்குள் பட்டன் ஓடிவந்து பையனின் முழங்காலைப் பிடித்தாள். புது ஆள் அல்லவா?

"அம்மா தப்பா வெத்தித்தா."

கடையே சிரித்தது. "இது மறக்கவே மறக்காது போல!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது.

"இல்ல சார்" என்றார் டைலர்.

"என்ன இல்ல?"

"அவ வெட்டல. நான் வெட்டினேன்." மழைச் சத்தத்தில் கேட்காதோ என்று நினைத்தாரோ என்னவோ, குரலை உயர்த்தினார். "இந்தக் கடையில கத்தரி என் கையத் தவிர வேற கைக்குப் போனதே இல்ல. அட்டையப் புரட்டாம வெட்டினது நான். உங்களப் பாத்த பயத்துல அவ தலையில போட்டுட்டேன்."

டீக்கடைக்காரர் தட்டைக் கீழே வைத்தார். பட்டன் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பு வராததால் மறுபடி ஆரம்பித்தாள். "அம்மா தப்பா..."

"இல்லம்மா" என்றார் டைலர். "அப்பா."

மருந்துக்கடைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "யோவ், இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நாலு வார்த்தை திட்டிட்டு அதோட போயிருப்பேன். இப்பப் பாரு, எங்க வீட்டுக்காரி வேற துணிய வாங்கிட்டு வந்துட்டா. கடைக்கு வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் நான் சொல்லி வச்சிருக்கேன். இப்ப நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு..."

"வீடு வீடாப் போயி நானே சொல்லிடறேன் சார்."

"நீ போக வேணாம் டைலரே" என்றார் டீக்கடைக்காரர். "நான் எதுக்கு இருக்கேன்? விடியறதுக்குள்ள முடிச்சுடலாம்."

திரை விலகியது. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டைலர் பக்கம் பார்க்கவில்லை. ஹேங்கரில் தொங்கிய கை இல்லாத அரைகுறைக் கோட்டை எடுத்து நேராகப் பையனிடம் போனாள்.

"தம்பி, நிமிந்து நில்லுங்க. கையத் தூக்குங்க." தோளில் பொருத்திப் பார்த்தாள். "பட்டம் வாங்கும்போது மேல நீளமா கறுப்பு அங்கி போடுவாங்கல்ல?"

"ஆமாக்கா. தரை வரைக்கும்."

"அதுக்குள்ள கோட்டுக்குக் கை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கையில்லாத கோட்டாத் தைச்சுத் தர்றேன். உள்ள வெள்ளைச் சட்டை போட்டுக்குங்க. வெட்டிப்போன கையிலிருந்து பாக்கெட்டு, காலர்ப் பட்டி எல்லாம் எடுத்துக்கலாம். துணி வீணாகாது."

மருந்துக்கடைக்காரர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பையன், "அப்பா, அதுதான் நல்லா இருக்கும். கோட்டு போட்டா எனக்கு வேர்த்துக் கொட்டும்" என்றான். அவர் தலையைச் சொறிந்துகொண்டே பெஞ்சில் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் அவர் கையில் ஒரு கிளாஸைத் திணித்தார்.

அக்கா துணியை மேசைமேல் விரித்தாள். தோள் பக்கத்தை மாற்றி வெட்ட வேண்டும். சாக்கட்டியால் வளைவாக ஒரு கோடு போட்டாள். பிறகு நிமிராமலே சொன்னாள்.

"பட்டன், உங்கப்பாகிட்ட கத்தரியைக் கேளு."

"அப்பா, கத்தியி."

இந்தத் தடவை பட்டன் சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் டைலர் அசையாமல் நின்றார். பிறகு எட்டி ஆணியிலிருந்து எடுத்தார். எண்ணெய்த் துணியைப் பிரித்தார். மேசையைச் சுற்றி அவள் பக்கம் வந்து, கூர்ப்பக்கத்தைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு கைப்பிடியை நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டாள். விரல்களை நுழைத்து ஒருமுறை திறந்து மூடினாள். பிடி ஒன்றும் மாறவில்லை.

"விளிம்பைப் பிடிங்க" என்றாள்.

அந்த நாளுக்குப் பிறகு, நடுவில் பட்டன் இல்லாமல் அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. டைலர் விளிம்பைப் பிடித்தார். கத்தரி கம்பளிக்குள் நிதானமாகப் போனது.

*

மறுநாள் வண்டி வந்தது. அக்காவின் அத்தான் வாட்டசாட்டமான மனிதர். பையை எங்கே என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். அக்கா அவருக்கு டீ கொடுத்து, முட்டை பொரித்துப் போட்டு, பெரியக்காவின் சௌக்கியம் எல்லாம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். "வெட்டற வேலை இங்கயே கிடைச்சிருக்கு அத்தான். பாக்கலாம். சரிப்படலன்னா அக்காவுக்குச் சொல்லி அனுப்பறேன்." 'சரிப்படலன்னா' என்பதைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். மெஷினில் இருந்தவருக்குக் கேட்டிருக்கும்.

பட்டன் வண்டிக்கு முன்னால் போய்க் கையை நீட்டி நின்றாள். "நாளைக்கு வா."

"இந்தக் கடையில நாளைக்குன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா கழுதை" என்று அவர் அவளைத் தூக்கி ஓரமாக நிறுத்திவிட்டு, காலி வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சுவரில் இருந்த ஆணி கீழே இறங்கியது. அக்காவுக்கு எட்டும், பட்டனுக்கு எட்டாத உயரம். காலையில் வருகிற துணிகளை அக்கா வெட்டினாள், டைலர் தைத்தார். பெரிய வேலைகளை இரண்டு பேரும் மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று முணுமுணுத்துக்கொண்டே செய்தார்கள். திரும்பிப் போன துணிகள் உடனே வந்துவிடவில்லை. பூப்போட்ட துணி மட்டும் வந்தது. நாத்தனாருக்கு அந்தப் பூ பிடிக்கவில்லையாம்.

ஆனால் பட்டன் அந்த வாக்கியத்தை விடவில்லை. நடந்தது எதுவும் அவளைக் கட்டுப்படுத்தாது. யார் வாசல் ஏறினாலும் மேசைக்கு அடியிலிருந்து தலை நீளும். "அம்மா தப்பா வெத்தித்தா." உடனே டைலர் மெஷின் மிதிப்பதை நிறுத்துவார். வந்தவர் புது ஆளாக இருந்தால் இன்னும் மெனக்கெட வேண்டும். "இல்லங்க. தப்பா வெட்டினது நான். பழியை அவமேல போட்டேன். புள்ள அதைப் பிடிச்சுக்கிட்டா" என்று முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பார். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தவர்கள் விழிப்பார்கள். அக்கா வாயில் குண்டூசியோடு வெட்டிக்கொண்டே இருப்பாள். நடுவில் வந்து அவரைக் காப்பாற்ற மாட்டாள்.

"டைலரே, பாராயணம் முடிஞ்சுதா? டீ ஆறுது" என்பார் டீக்கடைக்காரர்.

மழை முடிந்து பனி இறங்க ஆரம்பித்திருந்த ஒரு நாள். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கையில் துணியோடு வாசலில் நின்று, "இங்க யாருங்க கட்டிங்கு?" என்று கேட்டாள். டைலர் வழக்கம்போல மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். நானும் நூல் நறுக்குவதை நிறுத்தினேன்.

பட்டன் மேசைக்கு அடியிலிருந்து வந்தாள். பொம்மை வண்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டிருந்தாள். வந்தவளை அண்ணாந்து பார்த்தாள்.

"வாங்க. உக்காயுங்க. அம்மா வெத்துயா" என்றாள். அவ்வளவுதான். வண்டியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

டைலர் வாயைத் திறந்தபடியே இருந்தார். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர், "இல்லங்க, அது வந்து..." என்று ஆரம்பித்தார். வந்த பெண் ஒன்றும் புரியாமல் அவரையும் அக்காவையும் பார்த்தாள்.

அக்கா கத்தரியை மேசைமேல் வைத்தாள். வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"போதுங்க" என்றாள். "தைங்க."

அவர் தைத்தார்.